வினாடிக்கு முப்பது மீட்டர்

ஜூலை 2, செவ்வாய்

இன்றும் ஆய்வக மேசை முழுக்கக் கல்தூசி. ஆயா பாவாயி காலை எட்டரைக்குத் துடைத்துவிட்டுப் போனாள். பதினொரு மணிக்கு விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிறது. ஸ்டாஃப் ரூம் டீயிலும் மேலே ஏடு கட்டியிருந்தது. அது பாலேடு இல்லை. வாஷ்பேசினில் கொட்டிவிட்டு டம்ளரை இரண்டு தடவை கழுவினேன். கை கழுவும் தண்ணீரும் நறநறவென்கிறது. இந்த ஊரில் எதைத் தொட்டாலும் குமட்டுகிறது.

பிளஸ் ஒன்னுக்கு எறிபொருள் இயக்கம் ஆரம்பித்தேன். உயரமான இடத்திலிருந்து சாய்வாக எறிந்த கல் தரைக்கு வர எத்தனை வினாடி ஆகும்? இருபடிச் சமன்பாடு கிடைக்கும், அதைச் சூத்திரத்தில் போடு, இரண்டு விடை வரும், மைனஸ் விடையைத் தள்ளு. பதினான்கு வருடமாக இதையே சொல்கிறேன். பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துகிறார்கள்: "மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ், ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ!" மைனஸ் விடையை ஏன் தள்ளுகிறோம் என்று கேட்டேன். "புக்ல தள்ளியிருக்காங்க மிஸ்" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஒரு மணிக்கு வெடி. கண்ணாடிகள் நடுங்கின. காரைப்பாறைக் குவாரிக்கும் பள்ளிக்கும் முதலாளி ஒருவர்தான், தாளாளர் குழந்தைவேலு. அதனால்தான் எங்கள் சாப்பாட்டு இடைவேளையே அவருடைய வெடிக்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

பாவாயிக்கு அடிபட்டுவிட்டது.

அவள் வீடு பாறைக்குத் தெற்கே, கீழ்த்தெருவில். தினமும் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவாள். இன்று ஒரு மணி வெடி முடிந்த கையோடு கீழ்த்தெருவிலிருந்து கூச்சல் கேட்டது. ஒரு கைப்பிடி அளவுக் கல், குளியல் தடுப்பின் சிமெண்ட் அட்டையைப் பொத்துக்கொண்டு வந்து அவளுடைய வலது தோளில் இறங்கியிருக்கிறது. மேல்கை எலும்பு நொறுங்கிவிட்டதாம். கிரஷர் லாரியிலேயே ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளி வாசல் வழியாகத்தான் லாரி போயிற்று. அவள் புருஷன் மாரப்பன் பின்னால் உட்கார்ந்து அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தான். நான் சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

மேசையைத் துடைக்க ஆளில்லை. நானே துடைத்தேன். துணியைப் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் கூழ் வருகிறது.

குவாரி மேனேஜர் நாச்சிமுத்து விடிந்ததும் ஆள் அனுப்பி பாவாயி வீட்டில் உடைந்த அட்டையைக் கழற்றிவிட்டுப் புது அட்டை போட்டுக் கொடுத்தாராம். கிடந்த கல்லையும் சில்லையும் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். என்ன நல்ல மனசு என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 8, திங்கள்

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் நாச்சிமுத்துவும் இருந்தார். ஊதுவத்திப் புகையும் குளிர்சாதனமும் சேர்ந்து அந்த அறையில் எப்போதும் ஒரு ஈரத்துணி வாடை.

"வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். எனக்கு நாற்பத்தோரு வயது. அம்மிணி.

ஊர்க்காரர்கள் குவாரியை நிறுத்தச் சொல்லித் தாசில்தாரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். விசாரணை வருகிறது. "நம்ம பாறையில இருந்து அவ ஊடு எரநூத்தி அறுவது மீட்டருங்க. அத்தாம் தூரம் கல்லு போகவே போகாது. இத நாங்க சொன்னா யாரு நம்புவா? ஒரு பிசிக்ஸ் டீச்சர் கணக்குப் போட்டுக் குடுத்தா அது வேறல்ல?"

"வெடிக்கிற கல் என்ன வேகத்துல கிளம்பும்னு தெரியணுங்க ஐயா" என்றேன்.

நாச்சிமுத்து யோசிக்காமலே சொன்னார். "முப்பதுங்க. வினாடிக்கு முப்பது மீட்டரு. எங்க எஞ்சினியர் சொன்னதுதான்."

எந்த எஞ்சினியர் என்று நான் கேட்கவில்லை. கொடுத்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதுதானே என் வேலை? பாடப்புத்தகமும் அப்படித்தான் கொடுக்கிறது.

கிளம்பும்போது தாளாளர் சொன்னார்: "துணை முதல்வர் நாற்காலி காலியாத்தான் கெடக்குது அம்மிணி. பாப்பம்."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆறு மாதமாகவே அந்தப் பேச்சு இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம்.

வெடி வைக்கும் இடம் பாவாயி வீட்டு மட்டத்தைவிட 25 மீட்டர் உயரம். மிக அதிகத் தூரம் போகும்படி 45 டிகிரி சாய்வு. வேகம் 30. மேல்நோக்கிய பங்கு 21.2. சமன்பாடு:

4.9t² − 21.2t − 25 = 0

சூத்திரத்தில் போட்டால் இரண்டு விடை: 5.29 வினாடி, மைனஸ் 0.96 வினாடி. மைனஸைத் தள்ள வேண்டும். 5.29 வினாடியில் கல் பக்கவாட்டில் போகும் தூரம் 112 மீட்டர். வீடு இருப்பது 260 மீட்டரில். பாதித் தூரம்கூட வரவில்லை. ஆகவே அந்தக் கல் குவாரியிலிருந்து வந்திருக்க முடியாது. கையெழுத்து, தேதி.

கணக்கு வாத்தியார் ஆரோக்கியம் சார் ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். "சுத்தமான கணக்குங்க டீச்சர்" என்றார். சுத்தமானதுதான். ஒரு தசமப் புள்ளிகூடப் பிசகவில்லை.

வேகத்தை நாற்பது, ஐம்பது என்று வைத்துப் போட்டுப் பார்த்த தாள்களை வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டேன். எறும்பு வருகிறது.

ஜூலை 10, புதன்

மூன்று முறை குளித்தேன். தலையில் மணல் போகவில்லை.

ஜூலை 13, சனி

மாரப்பனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

சாந்தி ஆயா வந்து சொன்னாள். பாவாயிக்குப் பதிலாக இப்போது ஆய்வகம் கூட்டுகிறவள். "குடிச்சுப்போட்டு வந்து கல்லெடுத்து அடிச்சுட்டானாமா. ஆனா அவன் குடிக்கறவனே இல்லீங்க டீச்சர். கோயில் பொங்கலுக்குக்கூட தொடமாட்டான்."

"யாரு சொன்னா அவன் அடிச்சான்னு?"

"குவாரிக்காரங்க பெட்டிசன் குடுத்தாங்களாமா. பாறையில இருந்து அங்க கல்லு வரவே வராதுன்னு படிச்சவங்க கணக்குப் போட்டு எழுதியிருக்காங்களாமா. அப்ப ஊட்டுல இருந்தவந்தான அடிச்சிருக்கணும்னு."

அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. குனிந்து கூட்ட ஆரம்பித்துவிட்டாள். எதிரே பறந்து வந்த தூசியில் இருமினேன்.

நான் எழுதியது கல் அங்கிருந்து வந்திருக்க முடியாது என்று மட்டும்தான். மாரப்பன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அரிசி டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்தேன். பழைய தாள்களை எடுத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வேகம் ஐம்பது என்றால் 278 மீட்டர்.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். ஓசூரில் ஷிப்ட் முடித்துத் தூங்கப் போகிறவர். "உனக்கு அவங்க குடுத்த நம்பருக்கு நீ கணக்குப் போட்டுக் குடுத்த. அவ்வளவுதானே? விடு" என்றார். ஒரு வாரமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம். அடுத்தவர் வாயில் கேட்டபோது ஊசிப்போன குழம்பை மோந்தது மாதிரி இருந்தது.

ஜூலை 15, திங்கள்

இன்று பாடவேளை இல்லாத நேரத்தில் ஆரோக்கியம் சார் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "டீச்சர், போன வருசம் நீங்க பசங்கள ஜன்னல்கிட்ட நிறுத்தி, வெடிக்கற கல்லு மேல போயி பொட்டல்ல விழற வரைக்கும் ஸ்டாப் கிளாக்ல நேரம் எடுக்க வெச்சீங்கல்ல? ரெக்கார்டு நோட்டெல்லாம் கூட எழுதினாங்களே?" என்றார்.

"ஞாபகமில்லைங்க சார்."

"ஏழு வினாடி, எட்டு வினாடின்னெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சானுங்க."

"ஞாபகமில்லைங்க."

அவர் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடினார். "எனக்கும் ஞாபகமில்லைன்னே வெச்சுக்குங்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் பாருங்க" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை என்னால் சகிக்க முடியவில்லை. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

ஞாபகம் இருந்தது. எட்டாம் தேதி அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதே இருந்தது.

நோட்டுகள் ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. இருபத்தாறு. ஒவ்வொரு பக்கத்திலும் என் சிவப்பு மையில் கையெழுத்தும் தேதியும். ஒன்பது நோட்டில் நேரம் ஏழு வினாடிக்கு மேல். மூன்றில் 7.6. மூன்றும் ஒரே நாள், ஒரே கல், மூன்று பேர் தனித்தனியாக எடுத்தது.

முப்பது மீட்டர் வேகத்தில் ஒரு கல்லைச் சாய்க்காமல் நேர் செங்குத்தாக மேலே எறிந்தாலும் அது எத்தனை வினாடி ஆகாயத்தில் நிற்கும்? பொட்டலும் கீழ்த்தெரு மட்டம்தான், அதே சூத்திரம். 30-இன் வர்க்கம் 900, அதோடு 490, வர்க்கமூலம் 37.28. விடை 6.87. அதற்கு மேல் ஒரு கல் ஆகாயத்தில் இருந்தால் அதன் வேகம் முப்பது இல்லை. முப்பதைவிட அதிகம். 7.6 வினாடி நின்ற கல், 45 டிகிரியில் போயிருந்தால் வேகம் 48. அது போகிற தூரம் 258 மீட்டர்.

பாவாயியின் குளியல் தடுப்பு.

மூன்று நோட்டையும் சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது கூடையை யாரோ பார்க்கிறார்கள் என்றே தோன்றியது. திருட்டுக் காரியம் செய்த நாள் ஒன்பதாம் தேதி. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூலை 18, வியாழன்

நாளை விசாரணை. விளக்கம் சொல்ல நான் வர வேண்டும் என்று தாளாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கார் அனுப்புவாராம். பேருந்தில் வருகிறேன் என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

தாலுகா ஆபீஸ் மேல்மாடி. மூத்திர வாடையும் பழைய காகித வாடையும். ஃபேன் இருந்தது, ஓடவில்லை. தாசில்தார் ஓர் அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்தபடி பேசுகிறவர். ஒரு பக்கம் தாளாளரும் நாச்சிமுத்துவும். எதிர்ப்பக்கம் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவே பாவாயி, கழுத்திலிருந்து கட்டுத் தொங்க. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் விட்டார்களாம். சேலையை யாரோ சுற்றிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழக்கமாகச் செய்கிற மாதிரி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாசில்தார் என் அறிக்கையைப் புரட்டினார். "நான் ஹிஸ்டரி படிச்சவங்க டீச்சர். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். உயரம், கோணம், வேகம். வகுப்பில் சொல்கிற அதே குரல் வந்தது.

"ரெண்டு விடை வந்திருக்கே, ஒண்ண ஏன் அடிச்சிருக்கீங்க?"

"அது மைனஸ் நேரங்க மேடம். கல் கிளம்பறதுக்கு முன்னாடி உள்ள நேரம். அது நடக்காதது."

"ம். இது புரியுது" என்று கண்ணாடியை இறக்கினார். "அப்ப நூத்திப் பன்னெண்டு மீட்டருக்கு மேல வராது. சரி." பேனாவை எடுத்தார். நாச்சிமுத்து சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டார்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் பாவாயி.

தாசில்தார் தலையசைத்தார். பாவாயி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எங்க டீச்சர் கணக்கு தப்பாப் போடாதுங்க. பதினோரு வருசமா அந்த போர்ட அழிக்கறவ நானு, எனக்குத் தெரியுங்க. ஆனா எங்க ஊட்டுக்காரரு என்னைய அடிக்கலீங்க. அவரு அப்ப ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போயிருந்தாருங்க. கல்லு மேல இருந்துதானுங்க வந்துச்சு, அட்டையப் பொத்துக்கிட்டு. அப்ப அது எங்கிருந்துங்க டீச்சர் வந்துச்சு?"

அவள் குரலில் கோபமே இல்லை. சந்தேகம் கேட்கிற குரல். அவள் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் தப்பித்திருப்பேன்.

"கணக்கு சரிங்க மேடம்" என்றேன் தாசில்தாரிடம். "முப்பதுதான் தப்பு."

"என்ன முப்பது?"

"வேகம். அத நான் அளக்கலைங்க. நாச்சிமுத்து சார் சொன்ன எண். எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கலைங்க."

"அம்மிணி" என்றார் தாளாளர். ஒரே ஒரு சொல்தான்.

கூடையிலிருந்து மூன்று நோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. தாசில்தாரே குனிந்து எடுத்தார். முப்பது வேகத்தில் செங்குத்தாகப் போனாலும் 6.87 வினாடிக்கு மேல் நிற்க முடியாது என்பதை ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டினேன். இந்த முறை அவர் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "இதுல சைன் உங்களுதா? தேதி போன வருசம்தானே? இந்தக் கல்லு காரைப்பாறையிலிருந்து கிளம்பினதுதானே?" ஆமாம், ஆமாம், ஆமாம்.

நாச்சிமுத்து எழுந்தார். "பசங்க வெளையாட்டுக்கு எடுத்த நேரத்த வெச்சுக்கிட்டு..."

"அந்த வெளையாட்டுக்கு மார்க் போட்டிருக்கீங்களா டீச்சர்?" என்று தாசில்தார் கேட்டார்.

"பத்துக்குப் பத்துங்க மேடம்."

ஊர்க்காரர்களில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனிமவளத் துறை வந்து பார்க்கும் வரை வெடி வைக்கக் கூடாது என்று எழுதினார். மாரப்பன் விஷயத்தைத் தாமே ஸ்டேஷனுக்குப் பேசுவதாகச் சொன்னார்.

ஐம்பதுக்கும் நான் முதலிலேயே போட்டுப் பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படியிறங்கும்போது ஒரு பெரியவர் கும்பிட்டார். "மகராசி" என்றார். கைப்பிடிச் சுவரில் வெற்றிலைச் சாறு காய்ந்து கிடந்தது. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஜூலை 22, திங்கள்

மாரப்பனை விட்டுவிட்டார்கள்.

என்னையும்தான். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். இரண்டு எழுத்துப்பிழை. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆரோக்கியம் சார் துணை முதல்வர் ஆகிறாராம். கேட் வரை வந்து, "தப்பா நெனைக்காதீங்க டீச்சர்" என்றார். கை நீட்டினார். எனக்குக் கை கொடுக்க மனசில்லை. கூடையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவரை அருவருக்க எனக்கென்ன யோக்கியதை என்பது பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

ஜூலை 27, சனி

வெடிச் சத்தம் இல்லாமல் எட்டு நாள். இன்று வீட்டு ஜன்னல் திண்டு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாலை நாலு மணிக்கு வெடித்தார்கள். சிறிய வெடி என்று அனுமதி வாங்கியிருக்கிறார்களாம். ஊர்க்காரர்கள் மறுபடி மனு எழுதுகிறார்கள். கணக்கை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இந்த முறை வேகத்தை நானே போய் அளப்பேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பாவாயி வீட்டுக்குப் போனேன். ஒரு மாதமாகப் போகாத வீடு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன், பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தெருவில் திரும்பியபோது அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தகடு வைத்துத் தைத்திருக்கிறார்களாம். கையை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பள்ளியிலிருந்து அவளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாரப்பன் ஆடு மேய்க்கப் போயிருந்தான். ஸ்டேஷனில் அடித்ததில் காதில் சீழ் வடிகிறது, சத்தம் சரியாகக் கேட்பதில்லை என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், மேசை துடைத்தாயிற்று என்று சொல்வதுபோல.

பழத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே டீச்சர்?"

"கேளு."

"மொதல்ல எழுதிக் குடுத்தீங்கல்ல, அப்பவே உங்களுக்குத் தெரியுங்களா?"

சொல்ல எத்தனையோ பதில்கள் இருந்தன. கொடுத்த எண்ணுக்குத்தான் போட்டேன். மாரப்பன் பெயரை எழுதவில்லை. எறும்பு வந்தது.

"தெரியும் பாவாயி. ஐம்பதுக்கும் போட்டுப் பார்த்தேன். உன் வீட்டைத் தாண்டிப் போச்சு."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"ஒம்போது நாளுங்க டீச்சர்" என்றாள். "ஒம்போது நாள் அவரு உள்ள இருந்தாரு. எனக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணுக்குப் போகக்கூட ஆளில்ல."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அந்தச் சொல்லை நினைத்தபோதே எனக்கு என் மேலேயே குமட்டியது. எழுந்தேன்.

"போறீங்களா?"

"வரட்டுமா?"

அவள் இடது கையால் கழுத்துக்குப் பின்னால் துழாவினாள். கூந்தல் அவிழ்ந்து முதுகெங்கும் கிடந்தது. சீப்பைக் கட்டிலிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அவரு வர சாயங்காலம் ஆயிரும். சடை போட்டுட்டுப் போங்க."

பின்னால் போய் உட்கார்ந்தேன். முடி சிக்குப் பிடித்து, எண்ணெயும் வியர்வையும் தூசியுமாக இருந்தது. சீப்பு ஒவ்வொரு இழுப்பிலும் நறநறத்தது. என் நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறமாயிற்று. மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தேன்.

"இறுக்கிப் போடுங்க டீச்சர்" என்றாள் பாவாயி. "அவுந்துட்டா எனக்குத் திரும்பப் போட முடியாது."